தேவிகா நாய்ப் பூங்காவுக்கு இடம் பார்த்தது

தலத்தெரு தேவிகாவுக்குப் பதினோரு வருஷமாகத் தினக்கூலி உத்தியோகம். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். அரசாங்க ஆபீஸ், அவ்வளவுதான். காலையில் ஃபைல் தூக்குவாள், மத்தியானம் டைப் அடிப்பாள், பெரிய அதிகாரி யாராவது வருகிறார் என்றால் வாசலில் கோலமும் அவள்தான் போட வேண்டும். இதோ நிரந்தரம், அதோ நிரந்தரம் என்று சொல்லிச் சொல்லியே அவள் தலையை நரைக்க வைத்துவிட்டார்கள், பாவிகள்.

பொங்கல் முடிந்த கையோடு அதிகாரி செந்தில்குமார் அவளைக் கூப்பிட்டார்.

"தேவிகா, நாய்ப் பூங்காவுக்கு ஒரு இடம் பாரும்மா. நாயைக் கயிறில்லாம அவுத்துவிட்டு ஓட விடணும். சுத்தி வேலி வரும். இந்த ஃபைலை நல்லபடியா முடிச்சுக் குடு, நிரந்தரப் பட்டியல்ல உன் பேரைச் சேத்துடறேன்."

நிரந்தரம் என்ற சொல் காதில் விழுந்ததும் மற்ற எதுவும் விழவில்லை. வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதுதான் தலை சுற்றியது. நாயைக் கயிறில்லாமல் ஓட விட ஒரு இடமா? காரைக்காலில் எந்த நாய்க்கு ஐயா கயிறு இருக்கிறது? பஸ் ஸ்டாண்டிலிருந்து பீச் வரைக்கும் அதுகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டுதானே இருக்கின்றன!

"அது தெருநாய்க்கு இல்லடி, வீட்டு நாய்க்கு. மாடியில கட்டிக் கெடக்குதே, அதுங்களுக்கு," என்றான் புருஷன் சிவக்குமார்.

"அப்ப தெருநாய்?"

"அது உள்ள வரக்கூடாது."

"நாய்ப் பூங்காவுக்குள்ள நாய் வரக்கூடாதா?"

"காகிதத்துல என்ன போட்டிருக்குன்னு பாருடி," என்று சிவக்குமார் சோற்றைப் பிசைந்தான்.

ஆபீஸில் கொடுத்த காகிதத்திலும் அப்படித்தான் இருந்தது. அரை ஏக்கர் புறம்போக்கு வேண்டும், பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கக்கூடாது, தெருநாய் நடமாட்டம் அறவே கூடாது. தலத்தெருவுக்குப் பின்னால், ஆஸியா பீவி வீட்டை ஒட்டி ஒரு திடல் கிடந்தது. வாரநாளில் ஆபீஸ் விடாது என்பதால் சனிக்கிழமைகளில் போய்ப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலையில் அவளுக்கு இன்னொரு ஜோலியும் உண்டு. குரும்பகரத்து ஜோசியர் தெட்சிணாமூர்த்தி ஜாதகத்தைப் புரட்டிவிட்டு, "ஏழரை நடக்குதும்மா. சனிக்கிழமை தவறாம கறுப்பு நாய்க்கு எள்ளு போட்ட தயிர்சாதம் வை, வேலை நிரந்தரமாவும்," என்று சொல்லி வருஷம் ரெண்டு ஆகிறது. திருநள்ளாற்றுப் பக்கத்து ஜனங்களுக்குச் சனியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தலத்தெருவில் பாதிக் குடும்பத்துக்கு ஏதாவது ஒரு சனி பிடித்திருந்தது. எட்டு மணிக்குக் கோயில் தெரு நெடுக வாழையிலை, இலைக்கு மூன்று நாய். தேவிகா அங்கே சாதம் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, நேராகத் திடலுக்குப் போவாள்.

திடலில் ரெண்டு ஆடு மேயும். நாய் ஒன்றுகூட இருக்காது. மூன்று சனிக்கிழமை பார்த்தாள், மூன்றும் அப்படியே. நமக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நினைத்து, 'மூன்று முறை நேரில் பார்த்தேன். நாய் நடமாட்டம் இல்லை' என்று எழுதினாள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

செவ்வாய்க்கிழமை செந்தில்குமார் ஜீப்பில் அவளை ஏற்றிக்கொண்டு இடம் பார்க்க வந்தார். கதவைத் திறந்தவர் திறந்த வேகத்திலேயே சாத்தினார். திடல் முழுக்க நாய்! படுத்தது, புரண்டது, காதைச் சொறிந்தது. எண்ணினால் முப்பத்தொன்று.

ஆஸியா பீவி குடத்தோடு வந்து உடைந்த தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"லாத்தா, இதெல்லாம் எப்ப வந்துச்சு?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டாள் தேவிகா.

"எப்ப வந்துச்சா? இங்கனதான் பொறந்துச்சுவ. சனிக்கிழமை மட்டும் காணாதும்மா. யாரோ புண்ணியவதிங்க கோயில் தெருவுல தயிர்சோறு வைக்கிறாங்களாம்ல? விடிஞ்சதும் கூட்டமா போயிட்டு, மத்தியானம் வயித்தத் தூக்க முடியாம வரும்."

அந்தப் புண்ணியவதிகளில் தேவிகாவும் ஒருத்தி. அதற்குள் காது கிழிந்த கறுப்பு நாய் ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு வந்து அவள் கையை முகர்ந்தது. ரெண்டு வருஷமாக அவள் இலையில் சாப்பிட்ட நாய், அவளுக்குத் தெரியாதா?

ஆஸியா பீவி சொன்னதை ஜீப்பிலிருந்தே கேட்ட செந்தில்குமார், திரும்பும் வழியில் சாதாரணமாகச் சொன்னார். "நீ எழுதினது அப்படியே இருக்கட்டும். எல்லாத்தையும் வண்டியில ஏத்தி எங்கயாவது தூரமா விட்டுடச் சொல்றேன். வெள்ளிக்கிழமை பட்டியல் போவுது, அதுக்குள்ள கையெழுத்துப் போட்டுடு."

மூன்று நாள் ஃபைலை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். வேலை கிடைக்கட்டும் என்றுதான் நாய்க்குச் சோறு வைத்தாள். இப்போது அந்த நாயை விரட்டினால்தான் வேலை என்கிறார்கள். இது பலித்த பரிகாரமா, பலிக்காத பரிகாரமா? கேட்டது கிடைக்கப்போகிறதே, அப்புறம் ஏன் பேனாவை எடுக்கத் தோன்றவில்லை?

"போட்டுத் தொலையேன்டி, பதினோரு வருஷம்!" என்றான் சிவக்குமார். அவள் ஜோசியருக்கு போன் போட்டாள். விஷயத்தைக் கேட்ட தெட்சிணாமூர்த்தி வெகுநேரம் இருமினார். "அம்மாடி, இதுக்கு எந்த ஏட்டுலயும் பதில் இல்ல," என்று சொல்லி வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் தான் எழுதியதைக் குறுக்காக அடித்தாள். கீழே, 'இந்த இடத்தில் முப்பத்தொரு நாய்கள் இருக்கின்றன. அவை இங்கேயே பிறந்தவை. முன்பு எழுதியது என் தவறு' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய் நீட்டினாள்.

செந்தில்குமார் படித்தார். "புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? அந்தச் சோறு போடற ஆளைக் கண்டுபிடிச்சு நிறுத்தச் சொல்லிருந்தா நாயெல்லாம் தானா கலைஞ்சிருக்குமே."

"நானும்தான் சார் போடறேன்."

"நீயா? எதுக்கு?"

"இந்த வேலை நிரந்தரமாவணும்னு."

அவர் மேஜை டிராயரைத் திறந்து பட்டியலை எடுத்து, ஏழாவது வரியில் இருந்த அவள் பெயரின் மேல் பேனாவை வைத்து ஒரு இழு இழுத்தார். அவள் கண்ணெதிரிலேயே. "அடுத்த வருஷம் பாக்கலாம்மா."

"சரிங்க சார்," என்று வெளியே வந்தாள். மாடிப்படியில் பாதி இறங்கியதும் உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து சிவக்குமார் போன் போட்டான்.

"என்னடி ஆச்சு?"

"பேரை அடிச்சுட்டாருங்க."

"அழுவுறியா?"

"அழுகைதாங்க வருது. ஆனா அவரு அடிச்ச மாதிரியே இல்லைங்க, நானே பேனாவை வாங்கி அடிச்ச மாதிரி இருக்கு. ஏன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியல."