நிலாப் பங்கு

சங்கிலியம்மாளுக்குத் தண்ணீர் கட்ட வெளிச்சம் வேண்டியதில்லை. வாய்க்காலில் ஒரு காலும் பாத்தியில் ஒரு காலுமாக நின்றால் போதும். பாத்தி நிறைந்ததா, மடையைத் திருப்ப வேண்டுமா என்பதைப் பாதமே சொல்லிவிடும். பதினாறு வயதில் வீரபாண்டியிலிருந்து கூடலூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது முதல் அப்படித்தான் அவள் வேலை செய்திருக்கிறாள். அப்போது எங்களுக்கு இது தெரியாது.

அவள் புருஷன் முத்துவீரன், குமுளி மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து எழுபத்தைந்தாம் வருஷம் இறந்துபோனான். பிள்ளைகள் இல்லை. மலையடிவாரத்தில் ஒரு ஏக்கர் தோட்டமும் கிணற்றில் பாதியும் அவளுக்கு மிஞ்சின. மறுபாதி கொழுந்தன் சின்னக்கருப்புக்கு. இருவருக்கும் ஒரே மோட்டார். அறைச் சாவி அவனிடம். அந்த வருஷங்களில் தோட்டங்களுக்கு மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரைதான் கரண்ட் விடுவார்கள். ஆளுக்கு ஆறு மணி நேரம் என்று பேசி, மோட்டார் அறையில் ஒரு கடிகாரம் மாட்டினார்கள். அந்தக் கடிகாரம் சின்னக்கருப்பின் முறையில் மெதுவாக நடந்தது. அவள் முறையில் ஓடியது.

இரண்டு போகம் சின்ன வெங்காயம் காய்ந்தது. மூன்றாவதும் காய்ந்தால் தோட்டத்தைக் கொழுந்தனிடம் விட்டுவிட்டுக் கூலிக்குப் போக வேண்டியதுதான் என்று என் அப்பாவிடம் வந்து சொன்னாள். அப்பா ஞானசிகாமணி கூடலூர் கடைத்தெருவில் உரக்கடை வைத்திருந்தார். இரண்டு பேருமே அவரிடம் உரம் வாங்குகிறவர்கள். ஒரு வைகாசி மாதத்துக் காலையில் இருவரையும் கடைக்குக் கூப்பிட்டார்.

"கடிகாரத்தத் திருப்பி வைக்கிறான் அண்ணாச்சி."

"ஏ மதினி, கடிகாரம் ஓடுறதுக்கும் நான்தான் பொறுப்பா? அதுக்கு வயசாயிருச்சு, உங்களப் போல."

"நீ மட்டும் பால்குடியாக்கும்!"

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பிறகு, "கடிகாரத்த யாரும் திருப்பலாம். நிலாவத் திருப்ப முடியுமா?" என்றார். அவர் தீர்ப்பு இதுதான்: இரவில் நிலா உள்ள நேரம் சங்கிலியம்மாளுக்கு, இருட்டு நேரம் சின்னக்கருப்புக்கு. "பொம்பள தனியா நிக்கிற இடம். வெளிச்சம் அவளுக்கு இருக்கட்டும்."

"அமாவாசைக்கு அவுகளுக்கு ஒண்ணுமில்ல, பௌர்ணமிக்கு எனக்கு ஒண்ணுமில்ல. கணக்கு நேராகுமா அண்ணாச்சி?" என்றான் சின்னக்கருப்பு.

அப்பா என்னைப் பார்த்தார். நான் மதுரையில் பி.எஸ்ஸி. கணிதம் முடித்து அப்போதுதான் ஊருக்கு வந்திருந்தேன். அப்பாவுக்கு வரும் இங்கிலீஷ் பேப்பரில் நிலா எழும் நேரமும் மறையும் நேரமும் தினமும் சின்ன எழுத்தில் இருக்கும். ஒரு மாதத்துப் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டேன். அமாவாசை முடிந்ததும் பிறை பொழுது சாய்ந்து சற்று நேரத்தில் மறைகிறது. நாளுக்கு ஐம்பது நிமிஷம்போலத் தள்ளித் தள்ளி மறைந்து, பௌர்ணமியன்று இரவு முழுக்க நிற்கிறது. அதன் பிறகு அதே அளவு தள்ளித் தள்ளி எழுகிறது. கூட்டிப் பார்த்தேன். முப்பது இரவில் நிலா நூற்றெழுபத்தொன்பது மணி, இருட்டு நூற்றெண்பத்தொரு மணி. தமிழில் அழகாக எழுதி அப்பாவிடம் கொடுத்தேன்.

"ரெண்டு மணி முன்னப்பின்ன. இதுக்கு மேல சரியா யாரு பிரிப்பா?" என்றார் அப்பா.

சின்னக்கருப்பு தாளைக் கையில் வாங்கினான். தலையை நிமிர்த்தித் தெருவுக்கு அப்பால் தெரிந்த மலையை ஒரு தரம் பார்த்தான். "பாப்பா எழுதுனா சரியாத்தான் இருக்கும். ஆனா கண்ணுக்குத் தெரியிற நிலா. அதுதான் பேச்சு" என்றான். அப்பா சம்மதித்தார். சங்கிலியம்மாளும் தலையசைத்தாள்.

ஆனி முதல் வாரம் அவள் வெங்காயம் நட்டாள். பேப்பரில் எட்டு மணிக்கு எழும் நிலா, கிழக்கு மலையைத் தாண்டி அவள் தோட்டத்துக்கு வரும்போது ஒன்பது ஆகப்போகும். வளர்பிறையில் மேற்கு மலை அதை அதே அளவு முன்னதாக விழுங்கிவிடும். மூன்றாம் பிறை அவளுக்கு வெற்றிலை போடும் நேரம்கூட நிற்கவில்லை. அமாவாசையை ஒட்டிய நாட்களில் பகலில் வாளியால் இறைத்து ஊற்றினாள். பௌர்ணமிக்கு எல்லாம் சேர்த்துப் பாய்ச்சிக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

ஆடிப் பௌர்ணமி வந்தபோது கேரளத்து மேகம் மலையேறி வந்து உட்கார்ந்தது. மழை அந்தப் பக்கமே பெய்துவிட்டது. எங்களுக்குக் காற்றும் மூடாக்கும்தான். நான் போட்ட கணக்கில் பெரும்பகுதி அவளுடையதாக இருந்த எட்டு இரவுகளில் நிலா தெரியவே இல்லை. பௌர்ணமியன்று மோட்டார் அறை வாசலில் போய் நின்றிருக்கிறாள். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே கருப்பு, இன்னைக்குப் பௌர்ணமி. ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? நிலாவக் காட்டுங்க மதினி, சாவியத் தாரேன்."

"மேகத்துக்குப் பின்னால இருக்குடா."

"எங்க அண்ணனும் அங்கனதான் இருக்காக. அவுகளும் கண்ணுக்குத் தெரியல."

எட்டு இரவும் மோட்டார் அவனுக்கே ஓடியது. காலையில் கிணற்றில் வாளி முங்கத் தண்ணீர் இல்லை.

ஒரு வாரம் கழித்து, பிடுங்கிய வெங்காயத்தை ஒரு கை நிறையக் கொண்டுவந்து கடை மேசையில் வைத்தாள். வெங்காயத் தாள் மஞ்சளாகிச் சுருண்டிருந்தது. காய் சுண்டைக்காய் அளவுகூட இல்லை. அப்பா அதைத் தொடவில்லை. "கண்ணுக்குத் தெரியிற நிலான்னு நீயும்தான ஒத்துக்கிட்ட, சங்கிலி" என்றார். அந்த வருஷம் சின்னக்கருப்புக்கு நிறைய உரம் வேண்டியிருந்தது.

நான் வாசல்வரை அவள் பின்னால் போனேன். "மலை மறைக்கும்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன்.

"தெரியும் தாயி. இருபது வருசமா அந்த மலைக்குப் பின்னாலருந்துதான நிலா வருது."

"பிறகு ஏன் சொல்லல?"

"இங்கிலீசுப் பேப்பரப் பாத்து எழுதுன பிள்ள, மலையையும் சேத்துத்தான் போட்டிருக்கும்னு நெனச்சேன்."

பேப்பரில் இருந்தது சென்னை நேரம். சென்னையில் நிலாவை மறைக்க மலை இல்லை. எங்கள் வீட்டு மாடியில் நின்றால் இரண்டு மலையும் தெரியும். ஆனால் கணக்குப் போட்டபோது நான் பேப்பரை விட்டுத் தலை நிமிரவில்லை.

ஆவணியில் தோட்டமும் கிணற்றுப் பாதியும் சின்னக்கருப்பு பேருக்குப் போயின. அவள் கைநாட்டு வைத்தாள். அப்பா சாட்சிக் கையெழுத்துப் போட்டார். மோட்டார் அறையில் அவன் புதுக் கடிகாரம் மாட்டினான். அது சரியாக ஓடியது.

புரட்டாசியில் உரம் வாங்க வந்தவனிடம், ராத்திரித் தண்ணீருக்கு ஆள் கிடைத்தாயிற்றா என்று அப்பா விசாரித்தார்.

"மதினியத்தான் கூலிக்கு வச்சிருக்கேன் அண்ணாச்சி. அமாவாசை இருட்டுலயும் ஒரு பாத்தி தப்பாது. அவுக காலாலயே பாத்துருவாக, அவுகளுக்கு வெளிச்சம் எதுக்கு?"

அப்பா மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். முதலிலிருந்து மறுபடியும் எண்ணினார்.