முகத்துவாரத்தில் நங்கூரம் பிடித்த நாள்

இன்ஜின் நின்றபோது முதலில் எங்களில் யாரும் பயப்படவில்லை. படகோட்டி சங்கர் கயிற்றைச் சுண்டி இழுத்தார். இன்ஜின் இருமிவிட்டு அடங்கியது. "இதோ ஸ்டார்ட் ஆயிடும்க்கா, சூடாயிருக்கும்" என்றார். மறுபடி இழுத்தார். மறுபடியும் இழுத்தார். சட்டை அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

போன வருடம் ஆனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நடந்தது இது. கரை சேர்ந்தால் இதை நாலு பேருக்குச் சொல்கிறேன் என்று என் பிறந்த ஊர்க் கங்கையம்மனிடம் அன்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்குக்காகத்தான் இன்று உங்களோடு பேசுகிறேன். மேடையில் பேசிப் பழக்கமில்லாதவள் நான். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் பெயர் தனலட்சுமி. பிறந்தது மணப்பட்டில், கடலுக்குப் போகிற குடும்பம். வாழ்க்கைப்பட்டது மதகடிப்பட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில், நெல்லும் கரும்பும் வைக்கிற குடும்பத்தில். நாங்களாக விரும்பிச் செய்துகொண்ட கல்யாணம். மாமனார் சீக்கிரமே சமாதானமாகிவிட்டார். மாமியார் ஆகவில்லை. சண்டை போடமாட்டார். நான் சமைத்ததைச் சாப்பிடுவார். என் பிள்ளைகளைத் தோளிலும் மடியிலும் போட்டு வளர்த்தவர் அவர்தான். ஆனால் என் அம்மா வீட்டு வாசலை ஒருநாளும் மிதித்ததில்லை. யாராவது என்னைப் பற்றி விசாரித்தால், "கடக்கரப் பொண்ணு" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். வருடக்கணக்கில் இப்படியே போனது. நானும் அதைப் பழகிக்கொண்டேன்.

மாமனார் அந்த மாதம்தான் காலமானார். ஆறும் கடலும் சேருகிற இடத்தில்தான் அஸ்தியைக் கரைக்க வேண்டும் என்று மாமியார் பிடிவாதமாக இருந்தார். அந்த முகத்துவாரம் என் பிறந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாமியாருக்கு முட்டிவலி, மீன்பிடிப் படகில் கால் தூக்கி ஏற முடியாது. அதனால், சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றுகிற மிதவைப் படகு ஒன்றை என் தம்பி பேசி வைத்தான். இரண்டு நீள மிதவைகளுக்கு மேல் பலகை அடித்து, சுற்றிலும் கம்பி வைத்து, மேலே தார்ப்பாய் போட்ட படகு. நாற்காலி போட்டு உட்கார்ந்தே போகலாம். நான், என் வீட்டுக்காரர், மாமியார், கொழுந்தன் ஏழுமலை, ஓட்டுகிற சங்கர், ஐந்து பேரும் கிளம்பினோம். சங்கர் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டார். மாமியார் மட்டும் முகத்தைச் சுளித்தபடி மாட்டிக்கொண்டார்.

அஸ்தி கரைத்தது நல்லபடியாக முடிந்தது. பூவும் பாலும் விட்டோம். மாமனாருடைய வேட்டி ஒன்றையும் தண்ணீரில் விடுவதற்காக மாமியார் பையில் எடுத்து வந்திருந்தார். கடைசி நேரத்தில் கை வரவில்லை போலிருக்கிறது. மடித்தபடியே பைக்குள் திரும்ப வைத்துவிட்டார். படகைத் திருப்பிக் கொஞ்ச தூரம் வந்ததும் இன்ஜின் நின்றது.

ஆனி மாதத்து மேல்காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுகிற காற்று. கடல் வற்றுகிற நேரம் வேறு. தண்ணீரும் காற்றும் சேர்ந்து எங்களை முகத்துவாரத்துக்கு இழுத்தன. அங்கே மணல் திட்டின் மேல் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. தட்டையான அந்தப் படகு அந்த அலைக்குள் போனால் புரட்டிப் போட்டுவிடும். எனக்கு நீந்தத் தெரியும். என்னைச் சேர்ந்தவர்கள் மூன்று பேருக்கும் தெரியாது.

தம்பிக்குப் போன் போட்டேன். "அக்கா, கடல் பக்கமிருந்து படகைக் கொண்டாந்தா அலையில உடைஞ்சிடும். உள்பக்கமா கரையோட ஓடியாறோம். அதுவரைக்கும் எப்படியாவது நில்லுங்க!" என்றான். எங்கே நிற்பது?

சங்கர் நங்கூரத்தைப் போட்டார். பிடிக்கவில்லை. அடியில் இழுபட்டுக்கொண்டே வந்தது. "கயிறு பத்தலக்கா. ஆத்துக்குள்ள ஓட்டுறதுக்குன்னு வச்ச கயிறு. இங்க ஆழம் அதிகம், நேரா தொங்குது. சாஞ்சு கெடந்தாதான் மண்ணுல கவ்வும்" என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா கங்கையம்மா, இன்ஜினை ஓட வை. வேறு எதுவும் கேட்கமாட்டேன், இன்ஜினை மட்டும் ஓட வை. எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. சங்கர் இழுத்துக்கொண்டே இருந்தார். இன்ஜினை இழுக்கிற கயிறும் அறுந்துபோனது.

அந்த நிமிஷம் என் மனம் விட்டுப்போனது, மறைக்காமல் சொல்கிறேன். சின்ன வயதிலிருந்து கும்பிட்ட தெய்வம், என் ஊர் எல்லையிலேயே, என் குடும்பத்தைக் கைவிட்டுவிட்டாளே என்று நினைத்தேன். ஏழுமலை கம்பியைப் பிடித்தபடி "ஐயனாரப்பா, ஐயனாரப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் அம்மாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது என் மாமியார் பேசினார். "ஏய் தனம், இன்னா மொகத்தை மூடிகினு குந்திகினு கீற? உன் அம்மனைக் கூப்புடுடி. நல்லா கூப்புடு. இந்தத் தண்ணி அவளுக்குத்தான் தெரியும்."

எத்தனையோ வருடம் என் ஊர்ப் பெயரைக்கூட வாயால் சொல்லாதவர் அவர். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த முறை வாய்விட்டே கூப்பிட்டேன். "அம்மா தாயே, இன்ஜின் வேணாம். இன்னா பண்ணணும்னு மட்டும் சொல்லு!"

வானத்திலிருந்து குரல் ஏதும் வரவில்லை. ஆனால் என் நடுக்கம் நின்றது. அவ்வளவுதான் நடந்தது. நடுக்கம் நின்றதும் கண் தெரிந்தது. தலைக்கு மேல் தார்ப்பாய் காற்றில் உப்பி, எங்களைக் கடலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரம் அதன் நிழலில்தான் உட்கார்ந்திருந்தோம், ஒருவர் கண்ணிலும் படவில்லை.

"சங்கரு, மொதல்ல இந்தப் பாயை அவுப்போம். கயிறு பத்தலன்னா துணியை முறுக்கிக் கட்டுவோம்" என்றேன். பாயை அவிழ்த்துச் சுருட்டிப் போட்டோம். என் வீட்டுக்காரர் உடனே வேட்டியை அவிழ்த்தார். ஏழுமலையும் அவிழ்த்தான். இரண்டு பேரும் அரைக்கால் டவுசரோடு நின்று முறுக்கினார்கள். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். நங்கூரத்தை மேலே இழுத்து, கயிற்றின் நுனியில் வேட்டிகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டுத் திரும்ப இறக்கினோம். கொஞ்சம் பிடித்தது. பிறகு வழுக்கியது. இன்னும் நீளம் வேண்டும்.

மாமியார் பையைத் திறந்தார். மாமனாருடைய எட்டு முழ வேட்டியை எடுத்து நீட்டினார். "இத்தையும் கட்டு."

"அத்தை, இது மாமாவோட..."

"தெரியும்டி. உசுரோட இருந்திருந்தா அவரே அவுத்துக் குடுத்திருப்பாரு. கட்டு."

கட்டினோம். சங்கர் முடிச்சைப் போட, நான் அதன் மேல் இன்னொன்று போட்டேன். துணி விறைத்துக்கொண்டு போனது. படகு ஒரு முறை குலுங்கியது. பிறகு மூக்கைத் திருப்பிக்கொண்டு நின்றது. நங்கூரம் பிடித்துவிட்டது. உடைகிற அலையின் சாரல் எங்கள் மேல் தெறித்தது, அவ்வளவு கிட்டே.

அதற்குப் பிறகு காத்திருந்தது இருக்கிறதே, அதுதான் கஷ்டம். செய்வதற்கு ஒன்றுமில்லை. முறுக்கின துணியையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமியார் என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிடி வலித்தது. நான் கையை எடுக்கவில்லை.

வெயில் ஏறியது. மெதுவாக மேல்காற்று விழுந்தது. கொஞ்ச நேரம் காற்றே இல்லை, அனல். அப்புறம் என் நெற்றி முடி பின்பக்கம் பறந்தது. நான் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். சங்கர் எழுந்து நின்று முகத்தைக் காட்டிப் பார்த்தார். "கடக்காத்து எழுந்துடுச்சுக்கா! அந்தப் பாயை எடுங்க, இப்ப அதை வச்சே கரைக்குப் போவோம்!"

எங்களைக் கடலுக்குத் தள்ளிய அதே தார்ப்பாயை ஆண்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கமும் தூக்கிப் பிடித்தார்கள். சங்கரும் நானும் நங்கூரத்தை இழுத்து ஏற்றினோம். ஆழம் குறைந்ததும் சங்கர் நீளக் கழியை ஊன்றி ஊன்றித் தள்ளினார். நடந்து போகிறவன் எங்களை முந்திவிடுவான், அத்தனை மெதுவாக நகர்ந்தோம். ஆனால் நகர்ந்தோம். ஆழத்தைத் தாண்டி வர முடியாமல் கரையில் தவித்துக்கொண்டிருந்த தம்பியும் அவன் கூட்டாளிகளும் சவுக்குத் தோப்பு ஓரமாக ஓடிவந்தார்கள். மார்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கயிற்றைப் பிடித்து, ஆளாளுக்குக் கத்திக்கொண்டு மணலில் இழுத்துப் போட்டார்கள். மாமியாரை என் தம்பிதான் தூக்கி இறக்கினான். அவர் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீ நல்லா இருக்கணும்டா ராசா" என்றார். அதற்கு முன்னால் அவனிடம் பேசியதே இல்லை.

அங்கிருந்து அம்மா வீட்டுக்குத்தான் போனோம். மாமியார் தானாகவே வாசல்படி ஏறினார். என் அம்மா தண்ணீர் கொடுத்தார். இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள்.

பிறகு ஒருநாள் என் வீட்டுக்காரர் கேட்டார். "தனம், கடக்காத்து தெனமும் மத்தியானம் வரத்தான் செய்யுது. அம்மன் இன்னா பண்ணுச்சு அதுல?" கேலியாகக் கேட்கவில்லை. யோசித்துத்தான் கேட்டார். நானும் பல நாள் யோசித்தேன். காற்று தினமும் வரும், உண்மைதான். அது வருகிறவரை நாங்கள் அங்கே இருந்திருக்க வேண்டுமே. பயத்தில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தவளுக்கு நிதானத்தைக் கொடுத்தது யார்? மாமியார் வாயிலிருந்து அந்தச் சொல்லை வரவழைத்தது யார்? நான் கேட்டது இன்ஜின். அது கடைசிவரை ஓடவில்லை. அம்மன் எனக்குப் பதில் சொல்லாமலும் இல்லை.

அன்றிலிருந்து நான் வேண்டுகிற விதம் மாறிவிட்டது. முன்பெல்லாம் இதைக் கொடு, அதை நடத்து என்று சாமிக்கு உத்தரவு போடுவேன். இப்போது பிரச்சினையைச் சொல்லிவிட்டு, நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறேன். எல்லா நேரமும் உடனே தெளிவு வருவதில்லை. ஆனாலும் கைவிட்டுவிட்டாள் என்ற எண்ணம் மறுபடி வரவில்லை.

உங்களில் யாராவது இன்று அப்படி ஒரு தண்ணீரில் நின்றுகொண்டிருக்கலாம். கேட்டது கிடைக்கவில்லை என்று மனதை விட்டுவிடாதீர்கள். வாய்விட்டுக் கூப்பிடுங்கள். ஆடியில் மணப்பட்டுக் கங்கையம்மன் கோவிலில் கூழ் ஊற்றும்போது கட்டாயம் வாருங்கள். அடுப்புப் பக்கத்தில் முட்டிவலியோடு ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் கூழ் மொண்டு ஊற்றுகிறவர்தான் என் மாமியார். அவரைக் கேளுங்கள். இதையெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்வார்.