சட்டியைத் திறந்து காட்டச் சொன்ன டாக்டர் மரகதம்

பசாரிலிருந்து திரும்பி மீன் பையைக் கீழே வைப்பதற்குள் தொலைபேசி அடித்தது. எங்கள் பயிற்சிக் கல்லூரி அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி குணா பேசினான். “மரகதம் டாக்டர் போயிட்டாங்கக்கா. காலையிலதான், ஆஸ்பத்திரியில.” நான் சுதாரிப்பதற்குள் இன்னொன்றும் கேட்டான். மலர்வளையத்து ரிப்பனில் கல்லூரியின் பெயரோடு, அதற்கு உதவி செய்யும் நாய்த்தீவனக் கம்பெனியின் பெயரையும் சேர்க்கலாமா என்று இயக்குநர் என்னிடம் கேட்கச் சொன்னாராம். ரிசீவரை வைத்தேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இதை எழுதும்போதும் அது இறங்கவில்லை. அவரை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அடக்க ஒடுக்கமான அஞ்சலி வேண்டுமென்றால் இயக்குநர் ஒன்று எழுதியிருக்கிறார், அதைப் படித்துக்கொள்ளலாம்.

அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். செலண்டார் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவியவர்களின் மகள் மரகதம். தமிழ்நாட்டுக்குப் போய்க் கால்நடை மருத்துவம் படித்துத் திரும்பி, மலாக்கா டவுனில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருந்தார். வாரத்தில் இரண்டு நாள் எங்கள் கல்லூரிக்கு வந்து, கால்நடை உதவியாளராகப் போகிறவர்களுக்கு, வீட்டில் வளரும் நாய் பூனைகளின் உணவைப் பற்றிப் பாடம் எடுத்தார். நான் அங்கே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். கண்ணாடித் துண்டில் ரத்தத்தைத் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வது என் வேலை. மற்றவர்கள் முன்னால் அவர் எனக்கு டாக்டர், காரில் ஏறிவிட்டால் அக்கா.

எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் நேரே அடுப்படிக்குத்தான் போவார். “ஊசிய அப்புறம் பாக்கலாம்லா. மொதல்ல சட்டியத் தெறந்து காட்டுங்க” என்பார். தங்கா பத்துவில் ஒரு வீட்டம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. நீங்கள் நாயைப் பார்க்க வந்தீர்களா, என் சமையலைப் பார்க்க வந்தீர்களா என்று கேட்டுவிட்டார். நாய் உங்கள் சமையலைத்தானே சாப்பிடுகிறது என்று சொல்லிவிட்டு அக்கா அலமாரியைத் திறந்தார். அந்தப் பொமரேனியன் பிறந்ததிலிருந்து பிஸ்கட்டையும் கட்டிப்பாலையும் தவிர வேறெதையும் கண்டதில்லை. நாய்க்கு என்ன போடுவதென்று திட்டிக்கொண்டேதான் எழுதி வாங்கினார் அந்த அம்மா, ஆனால் எழுதியபடியே போட்டார். இரண்டு மாதம் கழித்து நாயைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வந்து, இப்போது மாடிப்படி ஏறுகிறது என்று அவரே பெருமையடித்துக்கொண்டார்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். செலண்டார் பக்கத்துத் தோட்டத்தில் முனீஸ்வரன் கோயில் திருவிழா முடிந்த மூன்றாம் நாள் எங்களுக்கு ஆள் வந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துவிட்டன, சிறுநீர் சிவப்பாகப் போகிறது என்றார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது லயத்தில் பெரிய சண்டை. யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஒரு கூட்டம் காவலாளியின் சட்டையைப் பிடித்திருந்தது. அக்கா அவர்களை விலக்கிவிட்டு, திருவிழாவில் மிஞ்சியதை என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

முனீஸ்வரன் காவலுக்கு வருகிற சாமி, கூடவே நாயும் வரும் என்பது அந்தத் தோட்டத்து நம்பிக்கை. அதனால் கடைசி நாள் ஆட்டுக்கறிக் குழம்பில் மிஞ்சியதைக் கொட்டமாட்டார்கள். சட்டியோடு தூக்கிப்போய் லயத்து நாய்களுக்கெல்லாம் வயிறு முட்டப் போடுவார்கள். அந்த வருடம் கூட்டம் அதிகம். குழம்பைக் கெட்டியாக்கச் சின்ன வெங்காயத்தை மூட்டைக் கணக்கில் அரைத்து ஊற்றியிருக்கிறார்கள். மிஞ்சியதும் அதிகம். நாய்க்கு வெங்காயம் ஆகாது, வெந்தாலும் ஆகாது. அது ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

அன்று மதியமே ஆய்வுக்கூடத்தில் அந்த நாய்களின் ரத்த ஸ்லைடுகளுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தேன். சிவப்பணுக்களின் ஓரத்தில், சப்பாத்தியில் எழும் கொப்புளம் போல, நீலமாக ஒரு புடைப்பு. ஒன்றிரண்டில் இல்லை, பார்த்த நாய்கள் எல்லாவற்றிலும் இருந்தது. அக்கா மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் நிமிரவே நேரமானது.

பெரும்பாலான நாய்கள் பிழைத்தன. லாரி ஓட்டும் வேலு அண்ணனின் கருப்பன் பிழைக்கவில்லை. எல்லோரையும்விடத் தன் நாய்க்கு அவர் அதிகமாகப் போட்டிருக்கிறார், அதுவும் எலும்பெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு, குழம்பில் பிசைந்து. காரணத்தைக் கேட்டதும் அவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். “அப்போ நானே கொன்னுட்டேனா டாக்டர்?” என்றார். அக்கா அவருக்குப் பக்கத்தில் அந்தச் சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். “இல்லண்ணே. உங்களுக்கு இதச் சொல்ல வேண்டியவங்க நாங்க. படிச்சிட்டு வந்து ஒருத்தரும் உங்ககிட்ட சொல்லல” என்றார். சாமிக்குப் படைத்ததில் குற்றமில்லை, அடுத்த வருடம் வெங்காயம் சேர்ப்பதற்கு முன்பே நாய்களுக்கென்று கறியும் சோறும் தனிச் சட்டியில் எடுத்து வைத்துவிடுங்கள் என்று கோயில் கமிட்டியிடம் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த வருடம் அப்படியே செய்தார்கள். நாய்கள் எல்லாம் நன்றாக இருந்தன. அந்தத் தனிச் சட்டிக்கு முதலில் மாலை போட்டது வேலு அண்ணன்தான், நாய்ச்சட்டிக்கு மாலை.

அதற்குப் பிறகு அக்கா ஓயவில்லை. ஜாசின் பக்கம், அலோர் காஜா பக்கம், தோட்டம் தோட்டமாகப் போனோம். வீடு வீடாக, என்ன சமைக்கிறீர்கள், மிஞ்சியது எங்கே போகிறது என்று கேட்டார். கேட்டதை எழுதினார், நான் ரத்தம் எடுத்தேன். அதிலிருந்து ஒரு பாடம் தயாரித்தார். தோட்டத்திலும் கம்போங் கிராமங்களிலும் மக்கள் உண்மையில் சமைக்கிற சோறு, கெம்புங் மீன், கோழிக்கால், பூசணிக்காய் இவற்றை வைத்தே நாய்க்கு எப்படி ஒழுங்காகச் சாப்பாடு போடுவது, எதைத் தள்ளிவைப்பது, வெறும் சோறு மட்டும் போட்டால் எலும்பு என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் இருந்தது. மாணவர்கள் நகல் எடுத்துச் சண்டை போட்டுப் படித்த ஒரே பாடம் அதுதான்.

பிறகு அந்த நாய்த்தீவனக் கம்பெனி வந்தது. புதிய ஆய்வுக்கூட மேசைகள், குளிர்சாதனம், பட்டமளிப்பு நாளுக்குக் குடைகள். கூடவே ஒரு வேண்டுகோளும் வந்தது. உணவுப் பாடத்தைத் தங்கள் அதிகாரியே இலவசமாக எடுப்பார் என்றார்கள். அவர் பாடத்தின் சாரம் ஒரே வரி: வீட்டுச் சாப்பாடு கூடாது, பையில் வருவதைப் போடு. அக்கா அந்தத் தீவனத்தைக் கெட்டது என்று ஒருநாளும் சொன்னதில்லை. வாங்க முடிகிறவர்கள் தாராளமாக வாங்கட்டும், கருவாட்டுக் குழம்போடு சாப்பாட்டை முடித்துக்கொள்கிற வீட்டில் போய் நம் பிள்ளைகள் எந்தப் பையைக் காட்டுவார்கள் என்றுதான் கேட்டார்.

அதற்காக ஒரு கூட்டம் போட்டார்கள். இயக்குநர் சிரித்துக்கொண்டே, “இது கம்போங் பேச்சுலா டாக்டர், சயன்ஸ் இல்ல” என்றார். ஸ்லைடுகள் இருக்கின்றன என்றார் அக்கா. உடனே இயக்குநர் என் பக்கம் திரும்பி, வசந்தா, நீதானே பார்த்தாய், உறுதியாகச் சொல்ல முடியுமா என்று கேட்டார். என் வேலை ஒப்பந்தம் அந்த மாதம்தான் புதுப்பிக்கப்பட வேண்டும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாயம் பழையது, அந்தப் புடைப்பு அதனாலும் தெரிந்திருக்கலாம், உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றேன். அவ்வளவுதான். பாடம் எடுக்கப்பட்டது. அடுத்த படிப்புத் தவணையில் அக்காவின் பெயரும் எடுக்கப்பட்டது.

கார் நிறுத்துமிடத்தில் அவர் எனக்காகக் காத்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு இன்று இவ்வளவு கனக்காது. “வேலையக் காப்பாத்திக்கிட்ட, பரவால்ல. ஸ்லைட மட்டும் கழுவிப் போட்டுடாதே வசந்தா” என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு வருடம் போயிருக்கும். ரிங்கிட்டின் மதிப்பு விழுந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிற தீவனப் பையின் விலை ஏறிய ஏற்றத்தில், டவுன்காரர்களே அதை அலமாரியில் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். எல்லா வீட்டு நாயும் மறுபடி வீட்டுச் சட்டிக்கு வந்தது. கோலா சுங்கை பாருவில் உதவியாளராக இருக்கும் சிவகாமி எனக்கு ஃபோன் செய்தாள். கம்பெனி அதிகாரியிடம் பாடம் படித்த முதல் வகுப்பு அவளுடையது. ஒரே நாளில் இரண்டு நாய்கள் சிவப்புச் சிறுநீரோடு வந்ததாகவும், உண்ணிக் காய்ச்சல் என்று நினைத்து மருந்து கொடுத்ததாகவும், இரண்டும் செத்துப்போனதாகவும் சொன்னாள். என்ன சாப்பாடு போட்டார்கள் என்று கேட்டாயா என்றேன். “கேக்கணும்னு யாரும் சொல்லித்தரலையேக்கா” என்றாள்.

அவளை என்ன சொல்வது? அந்த இரண்டு நாய்களுக்கும் ஒரு மேசை நிறையப் பெரிய மனிதர்கள் பொறுப்பு, அந்த மேசையில் நானும் இருந்தேன். மறுநாளே சிவகாமியை அக்காவிடம் கூட்டிப்போனேன். சிறுநீரகம் கெட்டு, கால் வீங்கி, நாற்காலியை விட்டு எழ முடியாத நிலையில் இருந்தார். அப்படியும் மூன்று மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். நடுவில் என்னைப் பார்த்து அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இப்போது கல்லூரியில் அவர் படம் மாட்டப்போகிறார்களாம். உணவுப் பாடத்தில் முதலிடம் வருகிறவருக்கு டாக்டர் மரகதம் நினைவுப் பரிசு, கம்பெனியின் ஆதரவில். எந்தப் பாடத்தில்? அவரைத் துரத்திவிட்டு வைத்த பாடத்தில். என்ன துணிச்சல் இவர்களுக்கு! நினைவு மலருக்கு என்னிடமும் ஒரு பக்கம் கேட்டார்கள், எழுதி அனுப்பினேன். இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நீங்கள் இப்போது படிப்பது அந்தப் பக்கம்தான், கொஞ்சம் நீட்டி எழுதியிருக்கிறேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு மரப்பெட்டி ஸ்லைடுகளும், அவர் கைப்பட எழுதிய அந்தப் பாடமும். நினைவு மூலையில் கண்ணாடிக்குள் வைக்கக் கேட்கிறார்கள், தரமாட்டேன். வேலையை விட்டுவிட்டேன், இனி யாரும் என்னை ஒப்பந்தத்தைக் காட்டிப் பயமுறுத்த முடியாது. அதனால் அந்தக் கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டியதை, அவர் கேட்க முடியாத இந்த நாளில் சொல்கிறேன். சாயம் அந்த வாரம்தான் கலக்கியது. ஸ்லைடு தெளிவாக இருந்தது. அக்கா சொன்னது சரி.