நாலு பைட்டுக்குள் அடங்காத தம்பி

மில்லர்புரத்தில் மாரிராஜ் வீட்டில் பேச்சுக்குரல் கேட்டால் அது அலுவலக மீட்டிங்காகத்தான் இருக்கும். பெண்டாட்டி, பிள்ளை யாரும் கிடையாது. அப்பா போனதும் வயலைப் பங்கு வைத்ததில் தம்பி செந்தில்முருகனோடு வாய் முற்றியது. நார்வேக்குப் போன தம்பி அதன்பின் பேசவில்லை. இவனும் பேசவில்லை, இருவருக்கும் ரோஷம் கொஞ்சமா நஞ்சமா!

மாரிராஜின் கம்பெனி கோயில்களை நேரலையில் காட்டுகிறது. யார் பார்த்தாலும் அவருடைய இணைய முகவரி (ஐ.பி.) டேட்டாபேஸில் ஒரு வரியாக விழும்; அதை வைத்து எந்த நாடு என்றும் தெரியும். ஸ்ரீவைகுண்டத்துக்குத் தெற்கே இவர்கள் குடும்பத்துச் சாஸ்தா கோயிலிலும் கெஞ்சிக் கூத்தாடி ஒரு கேமரா வைக்கச் செய்தான். அந்தப் பொட்டல் கோயிலை நார்வேயிலிருந்து வேறு யார் பார்ப்பார்கள்? தினமும் காலையில் காப்பியோடு உட்கார்ந்து, முகவரியைக் கவனிக்காமல், பக்கத்தில் நார்வே என்று வருகிறதா என்று மட்டும் தேடுவான். வந்திருந்தால் தம்பி நன்றாக இருக்கிறான்.

வரிகள் கோடிக்கணக்கில் பெருகவே, இடத்தைக் குறைக்கச் சொன்னார்கள். எல்லா முகவரியும் புள்ளி வைத்த நாலு எண்கள்தான் என்பது மாரிராஜின் நினைப்பு. எழுத்தாக வைத்தால் பதினைந்து பைட் வரை இடம் தின்னும். ஒரே எண்ணாக்கினால் நாலே பைட். மாற்றினான், பழையதை அழித்தான். மேலாளர் எபனேசர் எல்லார் முன்னாலும் பாராட்டினார்.

மாற்றிய கையோடு பங்குனி உத்திரம் வந்தது. வர முடிந்த சொந்தம் அத்தனையும் அன்றைக்குச் சாஸ்தா முன்னால் நிற்கும். மாரிராஜ் போகவில்லை. தம்பி பார்க்கிறானா என்று தெரிய வேண்டுமே, திரை முன்னாலேயே கிடந்தான். நார்வே வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. தம்பிக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று பயந்தான். சோறு இறங்கவில்லை.

பிறகுதான் தன் கைவேலை மேல் சந்தேகம் வந்தது. புதிய வகை நீள முகவரிகளுக்குப் பதினாறு பைட் வேண்டும். நாலுக்குள் நுழையாததையெல்லாம் அவன் எழுதிய புரோகிராம் எந்த நாடென்றே தெரியாமல் பூஜ்யமாக்கியிருந்தது. சிங்கப்பூர்க்காரரும் பூஜ்யம், சென்னைக்காரரும் பூஜ்யம். இத்தனை பூஜ்யத்தில் தம்பி இருக்கிறானா, இல்லையா? போனதை மீட்க வழியில்லை. புரோகிராமைத் திருத்திவிட்டு மறுநாள்வரை காத்திருக்கத் தெம்பும் இல்லை. போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டுவிட்டான்.

"அண்ணே…" என்றான் செந்தில்முருகன்.

"ஏலே, நல்லாயிருக்கியா? உத்திரத்தன்னைக்குக் கோயில் பாத்தியா?"

"தெனமும்தான் பாக்கேன். நீ என்னைக்காவது அங்கன வருவ, மொகத்தப் பாத்துக்கிடலாம்னுதான் பாக்கேன். உத்திரத்துக்குக்கூட வரலியேண்ணே. ஒனக்கு என்னமும் ஆயிட்டோன்னு பயந்துட்டேன்."

கேமரா வைத்த நாளிலிருந்து மாரிராஜ் ஒரு தடவைகூட அந்தக் கோயில் வாசலை மிதிக்கவில்லை.