பாயிண்டில் விட்ட எண்ணெய்

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷினுக்கு ஃபிட்டராக இருந்த காலத்தில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கைக்கு வராத வேலையையும் வாய் ஒப்புக்கொண்டுவிடும். அப்படித்தான் கடலே இல்லாத எங்கள் ஊருக்கு ஒரு போட் எஞ்சின் பஸ் ஏறி வந்தது.

பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். எங்கள் கம்பெனியில் டெய்லர். தம்பியின் வள்ளத்து எஞ்சின் பழசு, கரண்ட் வராமல் படுத்துவிட்டது, ஊர் மெக்கானிக் கைவிரித்துவிட்டார் என்றார்.

"பாயிண்ட் வெச்ச வண்டி எல்லாம் ஒரே மாதிரிதானுங்க. கொண்டாரச் சொல்லுங்க, பாத்துக்கலாம்."

ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். அடுத்த ஞாயிறு காலையில் தம்பி எஞ்சினைச் சாக்கில் சுற்றித் தோளில் சுமந்தபடி வாசலில் நின்றார்.

"இது ஓடலேன்னா அடுத்தவன் வள்ளத்துல கூலிக்குத்தான் போவணும்ணே. சாயங்காலம் பஸ்ஸு. அதுக்குள்ள முடியுமா?"

"மத்தியானச் சோத்துக்கு முன்னாடி ஓடுமுங்க" என்றது வாய்.

வேலை என்னவோ ஒழுங்காகத்தான் போனது. பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடம்பில் ஒட்டிப் பிடித்துக் கயிற்றை இழுக்கச் சொன்னேன். பொறி இல்லை. வேறு பிளக் போட்டேன், நிறுத்தும் சுவிட்சின் வயரைக் கழற்றிப் பார்த்தேன். அப்போதும் இல்லை. மேல் சக்கரத்தில் இருந்த சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் தொட்டுத் தொட்டு விலகிப் பொறிக்குக் கரண்ட் தரும் பாயிண்ட் முனை இரண்டும் உப்புக்காற்றில் பூத்துப்போய்க் கிடந்தன. எமரித் தாளால் தேய்த்து இடைவெளியைச் சரிசெய்து இழுத்ததும் பிளக்கில் நீலமாக ஒரு பொறி. லைன் வீட்டு ஜனம் மொத்தமும் எட்டிப் பார்த்தது.

அங்கேயே கையைக் கட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் நிட்டிங்கில் எதை மூடினாலும் எண்ணெய் விட்டுத்தான் மூடுவோம். ஊசி தேயக்கூடாது, துணியில் கறையும் படக்கூடாது என்பதால் தண்ணீர் மாதிரி வெள்ளை எண்ணெய். என்னைக் கேட்காமலே கை கேனை எடுத்து அந்த ஜன்னலுக்குள் தாராளமாக விட்டது.

சாயப்பட்டறை டிரம்மில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினைப் பலகையில் இறுக்கி, அடிப்பாகத்தை உள்ளே இறக்கினோம். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. கழுவி வைத்த டிரம்தான். ஆனாலும் விசிறி சுற்றியதும் தண்ணீர் ரோஸாகிக் கொடியில் காய்ந்த என் வெள்ளை வேட்டியில் தெறித்தது. ஜனம் கைதட்டியது. வேட்டிக்கெல்லாம் கவலைப்படாத பெரிய மனுஷனாக நின்றேன். கைதட்டல் அடங்குவதற்குள் எஞ்சின் இருமி நின்றது.

நான் இழுத்தேன், தம்பி இழுத்தார். சோறு ஆறியது. பிளக்கில் பொறி இல்லை.

"காயில் போயிருக்குமுங்க" என்று எஞ்சின்மேல் பழியைப் போட்டேன்.

தம்பி ஜன்னலுக்குள் விரலை விட்டு எடுத்தார். நுனி பளபளத்தது.

"அண்ணே, இது எண்ணெய்லா?"

அக்கா முகர்ந்து பார்த்தார். "நம்ம கம்பெனி எண்ணெயில்லா இது."

பாயிண்ட் இரண்டும் சுத்தமாகத் தொட்டால்தான் கரண்ட். நடுவில் எண்ணெய் விட்டவன் நான். பின்னாலிருந்து ஒரு குரல், "ஃபிட்டரு எஞ்சினுக்கு எண்ணெய் தேச்சுக் குளிக்க வெச்சுட்டாருங்க" என்றது. காது சூடானது.

"நான் உட்டதுதானுங்க. கைப்பழக்கம்" என்றேன்.

தம்பி கோபப்படவில்லை. அது இன்னும் மோசம். "கடல்ல நின்னுச்சுன்னா எறங்கித் தள்ள முடியாதுண்ணே" என்றார் மெதுவாக.

பனியன் வேஸ்ட் துணியை எடுத்துத் துடைக்கப் போனேன். பஞ்சு ஒட்டிக்கொள்ளுமே என்று கை நின்றது. அன்றைக்கு அது உருப்படியாகச் செய்த ஒரே காரியம். பனியனில் மாட்டும் டேக் அட்டையைப் பெட்ரோலில் நனைத்துப் பாயிண்டுக்கு நடுவே இழுத்தேன், அட்டை கறையில்லாமல் வரும்வரை. எஞ்சின் பிடித்தது. தம்பி அதை நம்பவில்லை. நிறுத்தி இழுத்தார், சூடேற விட்டு நிறுத்தி மறுபடி இழுத்தார். ரிஜெக்ட் ஆன பீஸோடு சூப்பர்வைசர் முன்னால் நிற்கும் டெய்லர் மாதிரி ஓரமாக நின்றேன்.

பஸ் ஏறும்போது அந்த அட்டைகளில் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என்மேல் நம்பிக்கை அவ்வளவுதான். எஞ்சினையாவது எடுத்துப் போகிறாரே என்றிருந்தது.

செவ்வாய்க்கிழமை அக்கா சொன்னார், வள்ளம் போய்த் திரும்பி வந்துவிட்டதாம். எங்கள் கம்பெனியில் நிட்டிங்கும் தையலும் ஒரே ஷெட்தான். வள்ளம் திரும்பிய சந்தோஷத்தில் நிட்டிங் மெஷினை மூடப்போனவன் எண்ணெய்க் கேனைத் தூக்கினேன். தையல் வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள்:

"அண்ணா, அதுக்கு எண்ணெய் உடலாமுங்க."

ஷெட் மொத்தமும் சிரித்தது. அக்காவும்தான்.