எண்ணெய்க் கட்டைவிரல்

உங்கள் கணக்கில் கையெழுத்துப் போடுகிறவர் கடைசியாக எப்போது ஒரு பாடம் கேட்டார் என்று உங்களுக்குத் தெரியுமா?

தெரியாது. நீங்கள் கேட்டதில்லை. மாத்திரை வாங்கினால் அட்டையைத் திருப்பித் தேதி பார்க்கிறீர்கள். ஆடிட்டரின் தலைக்குள் இருக்கும் சட்டம் காலாவதியாகிவிட்டதா என்று பார்க்க எங்கேயும் தேதி அச்சடித்திருக்காது. அதனால்தான் அந்தத் தொழிலுக்கு ஒரு விதி உண்டு. தேர்வில் தேறினால் மட்டும் போதாது. தொழில் செய்கிற காலம் முழுவதும் குறிப்பிட்ட மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்து படித்துக்கொண்டே இருக்க வேண்டும். மணி நேரம் குறைந்தால் கையெழுத்துப் போடும் உரிமை நின்றுபோகும்.

நல்ல விதி. அந்த நல்ல விதிக்குக் காரைக்காலில் எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகிய கதை இது. இதில் உரிமையை இழந்தவர் ஒரே ஒருவர். வகுப்பில் உட்கார்ந்திருந்த எழில்மதி.

எழில்மதி கோட்டுச்சேரிக்கு மேற்கே, வாய்க்கால் ஓரத் தெருவில் பிறந்தவர். அப்பா இளையபெருமாள் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர். அம்மா குஞ்சம்மா நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்தவர். இப்போது நூறு நாள் வேலைக்குப் போகிறார். அரசுப் பள்ளி, அரசுக் கல்லூரி, அதன் பிறகு ஊரின் மூத்த ஆடிட்டரான உத்திராபதியிடம் தொழில் பயிற்சி. அந்தத் தெருவிலிருந்து ஆடிட்டர் படிப்புக்குப் போன முதல் ஆள் அவர்தான்.

உத்திராபதிக்கு ஊரில் நல்ல மனிதர் என்று பெயர். வேலையும் கற்றுக்கொடுத்தார். ஆனால் அரிசி மில்லுக்காரர்களின் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டிய கணக்குகளுக்கு மட்டும் எழில்மதியை அனுப்பமாட்டார். "ஒனக்கு எதுக்கும்மா அலைச்சல்? ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்பார். அதே அலைச்சலுக்குப் பக்கத்து நாற்காலிப் பையனை அனுப்புவார். காரணத்தை யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதுதான் இந்த நாட்டில் நாகரிகம்.

இறுதித் தேர்வில் சிலமுறை தோற்று, பிறகு தேறி, ஒரு மருந்துக் கடையின் மாடியில் எழில்மதி தனி அலுவலகம் திறந்தார். ஃபைபர் படகுக்காரர்கள், ஐஸ் கம்பெனி, சின்னக் கடைகள் என்று ஆட்கள் வந்தார்கள். மில்லுக்காரர்கள் வரவில்லை. வருவார்கள் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை.

ஒருநாள் கிளிஞ்சல்மேட்டிலிருந்து நெடுமாறன் வந்தார். படகு என்ஜின் பழுதுபார்க்கிறவர். சுனாமிக்குப் பிறகு ஊரார் சேர்ந்து ஓர் அறக்கட்டளை வைத்து, பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்திவந்தார்கள். அதன் பொறுப்பு அவரிடம் இருந்தது. வரிச்சலுகைக்காக அறக்கட்டளைகள் செய்திருந்த பழைய பதிவு இனி ஆயுளுக்கும் செல்லாது, காலக்கெடுவுக்குள் புதுப்பிக்க வேண்டும் என்று சட்டம் மாறியிருந்தது. அவர்களுடைய ஆடிட்டருக்கு அது தெரியவில்லை. அந்த ஆடிட்டர் உத்திராபதி.

"கேட்டேங்க. பழைய பதிவு சாவுற வரைக்கும் செல்லும்யா, போய் என்ஜினைப் பாருன்னுட்டாரு" என்றார் நெடுமாறன். "இப்ப நோட்டீசு வந்திருக்கு. வரிச்சலுகை இல்லாததால நன்கொடை குடுத்தவங்க எல்லாம் நின்னுட்டாங்க. வாத்தியார் ரெண்டு பேரையும் நிறுத்தியாச்சு. பசங்க வந்து பூட்டைப் பார்த்துட்டுப் போவுது."

எழில்மதி அந்த வேலையை எடுத்துக்கொண்டார். கெடு தவறியவர்களுக்கும் ஏதோ வழி உண்டு என்று கேள்விப்பட்டிருந்தார். அது என்ன வழி, எந்தக் காரணத்தை ஏற்பார்கள் என்பதை முழுதாகப் படிக்க வேண்டியிருந்தது. இன்னொரு சிக்கலும் இருந்தது. அப்பா பக்கவாதத்தில் படுத்த ஆண்டு எழில்மதி வகுப்புகளுக்குப் போகவில்லை. டிசம்பர் முடிவதற்குள் அவர் இன்னும் ஆறு மணி நேரம் சேர்க்க வேண்டியிருந்தது. அதைச் சேர்க்காவிட்டால் ஜனவரியில் அவர் யாருக்கும் கையெழுத்துப் போட முடியாது, கிளிஞ்சல்மேட்டுக்கும் முடியாது.

அப்போதுதான் அறிவிப்பு வந்தது. சுற்றுவட்டார ஆடிட்டர்களின் படிப்பு வட்டம் நடத்தும் ஒருநாள் வகுப்பு. ஆறு மணி நேரம். பொருள், அறக்கட்டளைகளும் புதிய விதிகளும். எழில்மதிக்கு வேண்டிய இரண்டும் ஒரே இடத்தில். இடம் திருநள்ளாறு. நாள் சனிக்கிழமை.

அந்த வட்டத்தின் வகுப்பு எப்போதுமே திருநள்ளாறுதான், எப்போதுமே சனிக்கிழமைதான். காரைக்காலில் மண்டபம் இல்லாமலா? வெளியூர் ஆடிட்டர்கள் காலையில் வருகையைப் பதிந்துவிட்டு, நளன் குளத்தில் எண்ணெய் தேய்த்து முழுகி, உடுத்திய துணியை விட்டு, எள் விளக்கு ஏற்றி, சனீஸ்வரனைப் பார்த்து, சாப்பிட்டுத் தூங்கி, மாலையில் வந்து மறுபடி பதிந்துவிட்டுப் போவார்கள். படிப்பும் சேர்ந்தது, பரிகாரமும் ஆயிற்று. ஒருவர் கோயிலுக்குப் போவது அவர் பாடு. அந்த நேரத்தைச் சட்டம் படித்த நேரம் என்று எழுதி, அதைக் காட்டி ஊரார் கணக்கில் கையெழுத்துப் போடுவது யார் பாடு?

முன்பு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். ஒரே ஆள் நாலு பேருக்கு நாலு பேனாவில் போட்டார். அதைத் தடுக்க, ஆடிட்டர்களுக்கு உரிமம் தரும் மேலிடம் கைரேகைக் கருவி அனுப்பியது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை கட்டைவிரலை வைக்க வேண்டும். இடையில் அந்த விரலுக்குரியவர் எங்கே இருந்தார் என்று கருவி கேட்காது.

சனிக்கிழமை மழை விட்டுவிட்டுப் பெய்தது. பொங்கலும் வடையும் தீர்ந்த கையோடு மண்டபம் காலியானது. ஆளாளுக்கு மாற்றுத்துணிப் பையும் எண்ணெய்ப் பொட்டலமும். காரைக்காலிலேயே தொழில் செய்யும் தமீம் அன்சாரியும் கார் சாவியைச் சுழற்றியபடி கிளம்பினார்.

"நீங்களும் குளத்துக்கா அண்ணே?" என்றார் எழில்மதி.

"நமக்கேதும்மா குளம்? வூட்டுக்குப் போய்ப் படுக்கிறேன். முழுக்குப் போடுறவங்களுக்கும் ஆறு மணி நேரம், தூங்குறவனுக்கும் ஆறு மணி நேரம். நம்ம வட்டத்துல மதபேதமே கெடையாது."

பாடம் நடத்தத் திருச்சியிலிருந்து இளவேனில் என்ற பெண் ஆடிட்டர் வந்திருந்தார். மடிக்கணினியைத் திறந்து நிமிர்ந்தபோது எதிரே எழில்மதியும், தூங்கிவிட்ட ஒரு முதியவரும், மைக்செட்டுக்காரரும் இருந்தார்கள். வட்டத்தின் தலைவரான உத்திராபதி மேடைக்குப் போய்க் குனிந்தார்.

"ஏம்மா, மைக்செட்டைச் சேர்த்தாலும் மூணு பேரு. இதுக்குப் போய்த் தொண்டத்தண்ணி வத்தப் பேசணுமா? சுருக்கமா முடிச்சிருங்க. கோயில்ல சொல்லி வச்சிருக்கேன், வரிசையில நிக்காம பார்த்துட்டு வரலாம்."

"ஒருத்தங்க நோட்டெல்லாம் எடுத்து வச்சிட்டு ஒக்காந்திருக்காங்களே சார்."

"அது நம்ம பொண்ணு. எங்கிட்ட வேலை கத்தவ. ஒண்ணும் நெனச்சுக்காது."

இளவேனில் தயங்கினார், பிறகு ஒரு மணி நேரம் பேசினார். நன்றாகவே பேசினார். எழில்மதி கேள்வி கேட்கக் கேட்க அவர் குரலில் உயிர் வந்தது. "கெடு தவறுனவங்க என்ன செய்யணும்னா..." என்று தொடங்கி, "அது மதியப் பகுதியில வருது" என்று நிறுத்தினார். அதற்குள் உத்திராபதி சால்வையோடு ஏறிவிட்டார். கைதட்ட ஆள் இல்லாததால் மைக்செட்டுக்காரர் தட்டினார்.

"மதியப் பகுதியை மெயில்ல அனுப்பிடுறேன்மா" என்று போகிற போக்கில் எழில்மதியிடம் சொன்னார் இளவேனில். அந்த மெயில் இன்றுவரை வரவில்லை.

முதியவரும் விழித்துக் குளத்துக்குக் கிளம்பினார். எழில்மதி எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டு நேரம் போயிற்று. மைக்செட்டுக்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே வந்தார்.

"இன்னும் எதுக்கும்மா ஒக்காந்திருக்கீங்க?"

"ஆறு மணி நேரம் ஒக்காரணும்ங்க."

"சொல்லிக் குடுக்கிறவங்களே சாமி கும்புடப் போயிட்டாங்க."

"தெரியுதுங்க."

"சாயங்காலம் இங்க ஒரு நிச்சயதார்த்தம். நாற்காலி மாத்திப் போடணும். அப்படி ஓரமா ஒக்காந்துக்கிறீங்களா?"

ஓரமாக உட்கார்ந்தார். அறக்கட்டளைகளும் புதிய விதிகளும் என்ற பதாகையை அவிழ்த்துவிட்டு, பெண் மாப்பிள்ளை படம் போட்ட பதாகையைக் கட்டினார்கள்.

மாலையில் எல்லோரும் திரும்பினார்கள். ஈரத்தலை, நெற்றி நிறையத் திருநீறு, புதுத்துணியின் கஞ்சி வாசனை. கருவிக்கு முன் வரிசை நின்றது. ஆனால் கருவி எடுக்கவில்லை. நல்லெண்ணெய் ஊறிய கட்டைவிரலில் ரேகை தெரியவில்லை. வைக்க வைக்கச் சிவப்பு விளக்கு. கால்சட்டையில் துடைத்தார்கள், புதுவேட்டியில் துடைத்தார்கள். கடைசியில் உத்திராபதி சட்டைப் பையிலிருந்து பிரசாத விபூதிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

"இதைத் தேய்ச்சுக்கிட்டு வைங்கய்யா. டக்குன்னு எடுத்துக்கும்."

எடுத்துக்கொண்டது. பட்டம் வாங்கிய மனிதர்கள், ஊர்க் கணக்கெல்லாம் உண்மை என்று சான்று தருகிறவர்கள், வரிசையாக வந்து திருநீற்றைக் கட்டைவிரலில் தேய்த்துப் பொய் சொன்னார்கள். அவர்கள் கும்பிட்ட சாமிக்காவது அவர்கள் மரியாதை காட்டியிருக்கலாம். அதுவும் இல்லை. பக்தியும் இல்லை, படிப்பும் இல்லை. எண்ணெய் மட்டும் இருந்தது.

எழில்மதியின் முறை வந்தது. அவர் கையை நீட்டவில்லை.

"வையி எழிலு. பஸ்ஸு போயிடப்போவுது."

"இதுல விரல் வச்சா என்ன அர்த்தம் சார்?"

"வகுப்பு முடிஞ்சு வெளிய போறேன்னு அர்த்தம்."

"வகுப்பு காலையிலேயே முடிஞ்சிருச்சே."

பின்னாலிருந்து தமீம் அன்சாரி கொட்டாவி விட்டபடி சொன்னார்: "உள்ளயே கெடந்தவங்க வைக்க மாட்டேங்குறாங்க, வெளிய போனவன் வைக்க அடிச்சுக்கிறான். நல்ல வகுப்பும்மா இது."

உத்திராபதி குரலைத் தாழ்த்தினார். "ஒனக்குத்தான் மணி நேரம் கொறையுது. இங்க வேற யாருக்கும் கொறையல. ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் நல்லதுக்குத்தான் சார் மில்லு வீட்டுக்கும் என்னை அனுப்பாம இருந்தீங்க."

எழில்மதி பையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார்.

வீட்டில் குஞ்சம்மா முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்களுக்கு வேலையில ரெண்டு தடவ போட்டோ புடிக்கிறான். ரெண்டாவது போட்டோவுல மூஞ்சி தெரியலன்னா கூலி இல்லங்கிறான். நடுவுல மண்ணு வெட்டுனதை எவனும் கேக்கல. ஒங்க பெரிய படிப்புக்கும் அதே போட்டோதானா?"

எழில்மதி மேலிடத்துக்கு எழுதினார். அன்று ஒரு மணி நேரம்தான் பாடம் நடந்தது. ஆறு மணி நேரம் என்று பதிந்தது பொய். நான் அந்த நேரத்தைக் கோரவில்லை. மறுபடி முறையாக வகுப்பு வையுங்கள் என்று. சில வாரம் கழித்துப் பதில் வந்தது. கருவியின் பதிவுகள் சரிபார்க்கப்பட்டன. வகுப்பு முறையாக நடந்திருப்பது உறுதியாகிறது. தங்களுடைய வெளியேறும் பதிவு மட்டும் காணப்படாததால் தாங்கள் கலந்துகொண்டதாகக் கருத இயலவில்லை.

படித்தீர்களா? அந்த மண்டபத்தில் நாள் முழுவதும் இருந்த ஆடிட்டர் வரவில்லை. குளத்தில் இருந்தவர்களும் கட்டிலில் இருந்தவரும் வந்திருந்தார்கள். எழில்மதியின் கையெழுத்துரிமை நின்றது.

உத்திராபதி தொலைபேசியில் பேசினார். கோபமே இல்லை, அதுதான் இன்னும் அருவருப்பு. "போனது போவட்டும் எழிலு. வேலையை நீ பாரு, கையெழுத்தை நான் போடுறேன். ஊருல பாதிப் பேரு இப்படித்தான் ஓட்டுறான்."

"வேணாம் சார்" என்று வைத்துவிட்டார்.

பிறகு நெடுமாறனை வரச்சொல்லி, தன்னால் இந்த ஆண்டு கையெழுத்துப் போட முடியாது என்பதையும், ஏன் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். நெடுமாறன் மறுநாள் காலையில் நேராக உத்திராபதி அலுவலகத்துக்குப் போனார்.

"சார், டிசம்பர்ல அறக்கட்டளை வகுப்புக்குப் போயிருந்தீங்களாமே?"

"போறதென்னய்யா, நடத்துனதே நாந்தான்."

"கெடு தவறுனவங்க என்ன செய்யணும்னு மதியம் சொன்னாங்களாம். அதை எனக்குச் சொல்லுங்க."

உத்திராபதி கண்ணாடியைத் துடைத்தார். "அது கொஞ்சம் நுணுக்கமான விசயம். ரெண்டு நாள் கழிச்சு வா."

"இங்கயே இருக்கேங்க. அந்தப் பொண்ணு ஆறு மணி நேரம் ஒக்காந்துச்சாமே. எனக்கு இப்பத்தான் கால் மணி ஆவுது."

வருகிறவர்களும் போகிறவர்களும் நெடுமாறனைப் பார்த்தார்கள். ஒரு மில்லுக்காரர் வந்து, யார் இவர் என்று கேட்டார். நெடுமாறனே பதில் சொன்னார்: "வகுப்புல என்ன சொன்னாங்கன்னு கேட்டு ஒக்காந்திருக்கேங்க." மில்லுக்காரர் உத்திராபதியைப் பார்த்தார். மதியச் சாப்பாட்டுக்கு எழப்போன உத்திராபதி உட்கார்ந்தார். அலமாரியிலிருந்து சட்டப் புத்தகத்தை இறக்கச் சொன்னார். ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாமல் கிடந்த பழைய புத்தகம்கூட அல்ல. அது புதுப் புத்தகம், மேலுறைகூடப் பிரிக்கவில்லை. பிரித்து, விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தார். வழி இருந்தது. தாமதத்துக்கு நியாயமான காரணம் காட்டி, பொறுத்துக்கொள்ளக் கோரி விண்ணப்பிக்கலாம். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அவர் கேட்டார்.

"எங்க ஆடிட்டர் படிக்கலன்னு எழுதுங்க சார்" என்றார் நெடுமாறன்.

அப்படியே எழுதவில்லை. 'தொழில்முறை ஆலோசனையில் ஏற்பட்ட பிழை' என்று எழுதி, அதன் கீழே உத்திராபதி கையெழுத்துப் போட்டார். விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருக்கிறது. கிளிஞ்சல்மேட்டுப் பூட்டு இன்னும் திறக்கவில்லை. எழில்மதி குறைந்த மணி நேரத்தைச் சேர்க்கத் திருச்சிக்குப் பஸ் ஏறிப் போய்வருகிறார். படிப்பு வட்டத்தின் அடுத்த வகுப்புக்கும் அறிவிப்பு வந்துவிட்டது. திருநள்ளாறு. சனிக்கிழமை.

அந்த மண்டபத்துக்குள் உங்களை விடமாட்டார்கள். பரவாயில்லை. உங்கள் கடைக்கோ, சங்கத்துக்கோ, உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளிக்கோ ஓர் ஆடிட்டர் இருப்பார். அவர் வகுப்புக்குப் போய்வந்த அடுத்த திங்கட்கிழமை அவர் அலுவலகத்துக்குப் போங்கள். என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.