எங்க ஆஸ்பத்திரியில யாருக்கும் மன அழுத்தம் இல்ல

இன்னைக்கு எங்க கொரோனா வார்டு ஆளுங்களுக்கு மன அழுத்தம் போக்குற கிளாஸு. வார்டைக் கூட்டித் துடைக்கிற என்னையும் உக்கார வெச்சாங்க.

வெளியூர்லேருந்து வந்த சாரு ஒரு மணி நேரமா மூச்சை இழுக்கச் சொன்னாரு, விடச் சொன்னாரு. ரெண்டு மாஸ்க்கு போட்டுக்கிட்டு எங்கேருந்து இழுக்குறதாம்?

கடைசியா ஒரு தாளைக் குடுத்தாரு. "மன அழுத்தம் இருக்குதா? ஆமாம், இல்லை, எதுன்னு டிக் அடிங்க."

போன வாரம் நடந்த மொத கிளாஸுல லேப் பொண்ணு ஒருத்தி உண்மையா ஆமாம்னு அடிச்சிட்டா. அவ லீவு நாள்லயே கூப்புட்டு, தனியா இன்னொரு கிளாஸு எடுத்தாங்க. அதுலேருந்து நாங்க எல்லாரும் உஷாரு.

பக்கத்துல மும்தாஜ் சிஸ்டரு பேனாவைப் புடிச்சிக்கிட்டு அழுவுறாங்க. கருவேப்பிலங்குறிச்சியில அம்மா வூட்டுல விட்ட புள்ளையப் பாத்து இருபது நாளாச்சு. நாளைக்குத்தான் அவங்களுக்கு லீவு.

"அழுவாதீங்க சிஸ்டரு. சாரு பாத்தாருன்னா நாளைக்கும் மூச்சு இழுக்க வேண்டியதுதான்"னு காதுல சொன்னேன். சிரிச்சிட்டாங்க. ஆனா கண்ணுல தண்ணி நிக்கல.

அதுக்குள்ள சாரு வந்து நின்னுட்டாரு. "ஏம்மா கண்ணு கலங்கியிருக்கு?"

"சானிடைசர் பட்டுடுச்சு சார்"னு சொல்லிட்டு, இல்லைன்னு டிக் அடிச்சாங்க.

தாளையெல்லாம் புரட்டிப் பாத்த சாருக்கு ஒரே சந்தோஷம். "பாருங்க, ரெண்டே கிளாஸுல ஒருத்தருக்கும் மன அழுத்தம் இல்லாம பண்ணிட்டோம்!"

நாங்களும் கை தட்டினோம். மும்தாஜ் சிஸ்டருதான் ரொம்ப சத்தமா தட்டினாங்க.

உங்க வேலையிலயும் இப்படித் தாள் குடுக்குறாங்களா? நீங்க எதை அடிச்சீங்கன்னு சொல்லிட்டுப் போங்க. மேலதிகாரி இதைப் படிக்க மாட்டாருன்னா மட்டும்.